பழைய சாஃப்ட்னரைத் தூக்கிப் போடும் முன்: மெஷினையும் பாருங்க, உப்பு போகும் இடத்தையும் பாருங்க



தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் நம்மில் பலர் வீட்டில் இப்போது ஒரு சாஃப்ட்னர் மெஷின் நிற்கிறது. பல்லடம், பொங்கலூர், காங்கயம், தாராபுரம் பக்கமெல்லாம் 800 அடி, 1,000 அடி போர் போட்டாலும் வருவது சப்பைத் தண்ணிதான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, துணி விறைத்துப் போகும். ஹீட்டர் காயில் சுண்ணாம்பு படிந்து ரெண்டு வருஷத்தில் போயிடும். சோலார் வாட்டர் ஹீட்டர் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மெஷின் வாங்கி வைத்தோம். வாங்கி எட்டு, பத்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது அது மக்கர் பண்ணுகிறது.

கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு தம்பி வருவார். டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்ப்பார். "சார், ரெசின் செத்துப் போச்சு, மெஷினே மாத்திடலாம்" என்பார். பாதிப் பேர் அங்கேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் ரெண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, பழைய மெஷினில் எது கெட்டிருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கும் முறை. பெரும்பாலும் சின்ன சாமான்தான் கெட்டிருக்கும். ரெண்டாவது, மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகும் உப்பு எங்கே போகிறது என்பது. இயற்கை விவசாயம் செய்கிற நமக்கு முதல் விஷயத்தைவிட இதுதான் பெரியது. ரிப்பேருக்காக மெஷினைப் பிரிக்கும் நாள்தான் அதையும் சரிசெய்ய ஏற்ற நாள்.

மெஷினுக்குள் நடப்பது என்ன?

தண்ணீரைக் கடினமாக்குவது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். மெஷினின் உயரமான சிலிண்டருக்குள் ரெசின் என்ற, கடுகை விடச் சிறிய மணிகள் இருக்கின்றன. அந்த மணிகள் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். சப்பைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுத்துவிடும். இது வெறும் பண்டமாற்று. எதையும் வடிகட்டி நீக்கும் வேலை இல்லை.

கொடுக்கச் சோடியம் தீர்ந்ததும் மெஷினை உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதை ரீஜெனரேஷன் என்பார்கள். நான் உப்புக் கழுவல் என்றே எழுதுகிறேன். முதலில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அழுக்கை வெளியேற்றுவது பேக்வாஷ். அடுத்து உப்புத் தொட்டியிலிருந்து கரைசலை உறிஞ்சி மெதுவாக ரெசின் வழியே விடுவது. கடைசியில் நல்ல தண்ணீரால் அலசுவது. உப்பிலுள்ள சோடியம் ரெசினில் ஏறிக்கொள்ளும். கால்சியமும் மெக்னீசியமும் மிச்ச உப்போடு சேர்ந்து கழிவுக் குழாயில் போய்விடும்.

இந்தப் பண்டமாற்றை மனிதன் முதலில் கண்டது எந்த மெஷினிலும் இல்லை, மண்ணில்தான். 1850-இல் இங்கிலாந்தில் தாம்சன் என்ற யார்க்‌ஷயர் நிலக்கிழாரும், அங்குள்ள அரச வேளாண் சங்கத்தின் வேதியியலாளர் வே என்பவரும் இதைப் பதிவு செய்தார்கள். அம்மோனியம் உப்புக் கரைசலை மண் வழியே ஊற்றினால் மண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்கிறது, பதிலுக்குக் கால்சியத்தை விடுகிறது. உரச்சத்து மழையில் முழுவதும் அடித்துப் போகாமல் மண்ணில் நிற்பதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். செயற்கை ரெசின் வந்தது 1935 வாக்கில்தான். ஆக, களிமண்ணும் மக்கும் செய்யும் வேலையைத்தான் மெஷினுக்குள் ரெசின் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் டி.டி.எஸ். மீட்டரை ஓரம் வையுங்க

சாஃப்ட்னர் நன்றாக வேலை செய்தாலும் டி.டி.எஸ். குறையாது. கால்சியத்துக்குப் பதில் சோடியம் வருகிறது, கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி மெஷின் கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது கடினத்தன்மை. அதற்குச் சொட்டு மருந்து போல ஒரு டெஸ்ட் கிட் கிடைக்கிறது. தண்ணீரில் சிவப்பு நிறம் வந்து, எத்தனை சொட்டில் நீலமாக மாறுகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

கிட் இல்லையா, சோப்பு சோதனை போதும். மழைத்தண்ணீரில் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அது சப்பைத் தண்ணியிலும் நுரைக்கும். ஒரே அளவுள்ள மூன்று பாட்டில் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மெஷினிலிருந்து வெளியே வரும் இடத்தில் பிடித்த தண்ணீர், ஒன்றில் குளியலறைக் குழாய்த் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள்.

மெஷின் வாயில் நுரைத்து, குளியலறையில் நுரைக்கவில்லை என்றால் மெஷினில் குறை இல்லை. வழியில் எங்கோ போர் தண்ணீர் கலக்கிறது. பைபாஸ் வால்வு லேசாகத் திறந்திருக்கலாம், மேல் தொட்டிக்குப் போகும் வேறு குழாய் சேர்ந்திருக்கலாம். மெஷின் வாயிலேயே நுரைக்கவில்லை என்றால் மேற்கொண்டு பாருங்கள்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

பேங்கில் கடன் கணக்கைப் பார்க்கும்போது சின்ன சந்தேகத்திலிருந்து பெரிய சந்தேகத்துக்குப் போவோம். இங்கேயும் அதே முறைதான். செலவில்லாததை முதலில் பாருங்கள், செலவானதைக் கடைசியில் பாருங்கள். கழற்றும் வேலை வந்தால் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, உள்ளே இருக்கும் பிரஷரை ஒரு குழாய் திறந்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

1. உப்புத் தொட்டி. மேலே உப்பு நிறைந்திருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. ஈரத்தில் உப்பு ஒன்றோடொன்று இறுகி நடுவில் மூடி போட்டது போல நின்றுவிடும். தண்ணீருக்கும் உப்புக்கும் தொடர்பே இராது. ஒரு மூங்கில் குச்சியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள், பொத்தென்று இறங்கினால் அதுதான் குறை. கடப்பாரை வேண்டாம், தொட்டி ஓட்டையாகும். அப்படியே தொட்டியின் அடியில் எவ்வளவு மண் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பில் மண்ணும் ஜிப்சமும் கலந்திருக்கும்.

2. கரைசலை உறிஞ்சுகிறதா? கழுவும்போது தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் மட்டம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ரெசினுக்கு உப்பே போகவில்லை என்று பொருள். பழைய மெஷினில் அதிகம் காணும் குறை இதுதான்.

உறிஞ்சாததற்கு நான்கு காரணம் இருக்கலாம். வால்வுக்குள் இருக்கும் இன்ஜெக்டர் என்ற சின்ன மூக்கில் மண் அடைத்திருக்கலாம். ஓட்டை பேனா முனை அளவுதான் இருக்கும், கம்பியால் குத்தாமல் வினிகரில் ஊற வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். உப்புக் குழாய் இணைப்பில் காற்று இழுக்கலாம், அதற்கு டெஃப்லான் டேப் போதும். கழிவுக் குழாய் மடங்கியோ பாசி அடைத்தோ இருக்கலாம். கடைசியாக, தண்ணீர் பிரஷர் போதாமல் இருக்கலாம். இன்ஜெக்டர் உறிஞ்ச சுமார் 1.5 முதல் 2 கிலோ பிரஷர் வேண்டும். மேல் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 கிலோ பிரஷரே கிடைக்கும். நம் தோட்டத்து வீட்டுத் தொட்டி தரும் பிரஷரால் இது ஆகாது, பம்ப்தான் தள்ள வேண்டும். பம்ப் வலு குறைந்து, பழி சாஃப்ட்னர் மேல் விழுவதும் உண்டு.

3. தொட்டியில் தண்ணீர் மட்டம். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைத்தான் கரைக்கும். ஒரு தடவைக்கு எவ்வளவு உப்பு செலவாகிறது என்பதைத் தொட்டியில் கிடக்கும் மூட்டை முடிவு செய்யாது. உள்ளே வரும் தண்ணீர்தான் முடிவு செய்யும். மிதவை தேய்ந்து தண்ணீர் அதிகம் ஏறினால் உப்பு தண்டமாகப் போகும். வீட்டுக் குழாயில் உப்புக் கரிக்கிறது என்றால் அலசும் நேரம் போதவில்லை, அல்லது உப்பு வால்வு ஒழுகுகிறது.

4. டைமர். ஆட்டோமேட்டிக் மெஷினில் கரண்ட் போய்ப் போய் வரும்போது பழைய டைமர் நேரம் தவறிவிடும். இரவு 2 மணிக்குக் கழுவ வேண்டியது பகல் 10 மணிக்குக் கழுவும். அந்த நேரத்தில் பல மெஷின்கள் போர் தண்ணீரை நேராக வீட்டுக்கு விட்டுவிடும். "ஒரு நாள் நல்லா வருது, ஒரு நாள் வரலை" என்றால் இதைப் பாருங்கள்.

5. ஓ-ரிங், சீல். சிலிண்டருக்குள் நடுவில் ஒரு குழாய் இறங்குகிறது. அதன் தலையில் உள்ள ஓ-ரிங் கிழிந்தால் சப்பைத் தண்ணீர் ரெசினைத் தொடாமலே வெளியே வந்துவிடும். ரெசின் நல்லா இருந்தும் தண்ணீர் கடினமாக வரும். கைப்பிடி மெஷினில் மல்டிபோர்ட் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தாலும் இதே கதைதான். இவையெல்லாம் கொஞ்சக் காசில் முடியும் சாமான்கள்.

6. கடைசியில்தான் ரெசின். மூடியைக் கழற்றி ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் போடுங்கள். நல்ல ரெசின் தேன் நிறத்தில், முழு உருண்டையாக, விரலில் அழுத்தினால் நசுங்காமல் இருக்கும். உடைந்த துண்டுகள் நிறைய இருந்தாலோ, அழுத்தினால் கூழாகிப் போனாலோ அதன் ஆயுசு முடிந்தது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் அடிக்கடி போடும் வீடுகளில் குளோரின் பட்டு ரெசின் சீக்கிரம் இப்படி ஆகும். செங்காவி நிறத்தில் பூசினாற்போல இருந்தால் அது இரும்பு. ஒரு ஸ்பூன் ரெசினைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு இரவு ஊற வையுங்கள். தண்ணீர் மஞ்சளாகி மணிகள் தெளிந்தால், மொத்தத்தையும் அதே முறையில் கழுவி மீட்கலாம். அதன் பிறகு நன்றாகப் பேக்வாஷ் செய்து ரெண்டு முறை உப்புக் கழுவல் கொடுங்கள். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, விஷவாயு வரும்.

குழாயில் ரெசின் மணிகளே வருகிறது என்றால் சிலிண்டரின் அடியில் உள்ள சல்லடை உடைந்துவிட்டது. ரெசினை இறக்கித்தான் அதை மாற்ற முடியும்.

ரெசின் உண்மையிலேயே செத்திருந்தால்கூட மெஷினை மாற்ற வேண்டியதில்லை. ரெசின் 25 லிட்டர் மூட்டையாகத் தனியே கிடைக்கிறது. எஃப்.ஆர்.பி. சிலிண்டர் வெடிப்போ ஒழுகலோ இல்லாதவரை அதையே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது 12 வருட மெஷின். சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். பார்க்க வந்த கம்பெனிக்காரர் புது மெஷினுக்கு 42,000 ரூபாய் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் பிளம்பர் தம்பியை வரச்சொல்லி, மேலே சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். தொட்டி மட்டம் இறங்கவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றியதும் உள்ளே சேறு. "ஏனுங்கய்யா, இந்த ஓட்டைக்கா நாப்பதாயிரம் கேட்டாங்க?" என்றார் தம்பி. ஓ-ரிங்கும் மிதவை வாஷரும் மாற்றினோம். அவர் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

இனி உப்புக் கணக்கு

மெஷின் ஓட ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். இனிமேல்தான் நம் கணக்கு இருக்கிறது.

25 லிட்டர் ரெசின் உள்ள வீட்டு மெஷினை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 150 கிராம் வீதம் ஒரு கழுவலுக்கு 3.75 கிலோ உப்பு. இதற்கு ரெசின் சுமார் 1,250 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. அப்படியென்றால் ஒரு கழுவலுக்கு சுமார் 2,000 லிட்டர் மென்தண்ணீர் கிடைக்கும்.

இந்த 1,250 கிராமை மாற்ற வேதியியல் கணக்குப்படி தேவைப்படும் உப்பு 1.5 கிலோவுக்கும் குறைவு. நாம் போடுவது 3.75 கிலோ. மிச்சம் ரெண்டேகால் கிலோவுக்கு மேல் சும்மா கழிவில் போகிறது. வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது.

டைமரை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மாதம் 15 கழுவல், 56 கிலோ உப்பு. வருடத்துக்கு 670 கிலோவைத் தாண்டும். தோட்டத்து வீட்டில் கழிவுக் குழாய் எங்கே போகும்? நம்மவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்க மாட்டார்கள். வாழைக்குழிக்கும் தென்னைக்கும்தான் போகும்.

மண்ணுக்கு என்ன ஆகும்?

முன்பு சொன்னேனே, மண்ணும் ரெசின் போலத்தான் என்று. நல்ல களிமண் துகள்களைக் கால்சியம் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் மண் பொலபொலவென்று இருக்கிறது, நீரும் காற்றும் உள்ளே போகிறது. அதே மண்ணில் உப்புக் கழிவை ஊற்றிக்கொண்டே இருந்தால், ரெசினில் நடந்ததே மண்ணிலும் நடக்கும். கால்சியம் வெளியேறி, அந்த இடத்தில் சோடியம் உட்காரும். சோடியம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்காது. நனைந்தால் மண் கூழாகி ஓட்டைகள் அடைபடும், காய்ந்தால் சிமெண்ட் போல இறுகும். இதுதான் களர். மண்புழு இருக்காது, எவ்வளவு ஜீவாமிர்தம் ஊற்றினாலும் நிற்காது. வாழை உப்பைத் தாங்காது, இலை ஓரம் கருகும். தென்னை கொஞ்சம் தாங்கும் என்பதால் காட்டிக்கொடுக்கத் தாமதமாகும்.

"தென்னங்கன்று நடும் குழியில் உப்பு போடுறோமே?" என்று கேட்பீர்கள். அது ஒரு தடவை, ஒரு கிலோ ரெண்டு கிலோ. இங்கே வருஷம் நூற்றுக்கணக்கான கிலோ, அதுவும் ஒரே இடத்தில்.

உங்கள் கழிவுக் குழாய் போகும் இடத்து மண்ணை இன்றே சோதிக்கலாம். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்று எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போல மேகம் பரவினால் மண்ணில் சோடியம் ஏறிவிட்டது. கட்டி நொறுங்கினாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. ஒன்று கவனிக்கணும், உப்பு மிக அதிகமாக இருக்கும் மண்ணில் முதலில் மேகம் தெரியாது. மழை பெய்து உப்பு இறங்கிய பிறகே குணம் காட்டும். ஆகவே தண்ணீர் தெளிவாக இருந்தாலும், மண் பரிசோதனையில் பி.எச். அளவும் மின்கடத்தும் திறனும் பார்த்துவிடுங்கள்.

சோடியம் ஏறிவிட்டால், ஆய்வகப் பரிந்துரைப்படி இயற்கை ஜிப்சம் இட்டு, நல்ல மழையில் நீர் இறங்கி வடிய வழி செய்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். ரெசின் கழுவுவதன் தலைகீழ் வேலை இது. மண்ணுக்கு இது ஒரு நாளில் முடியாது, சில பருவங்கள் ஆகும்.

ரிப்பேர் நாளில் செய்ய வேண்டிய நான்கு மாற்றங்கள்

ஒன்று, மென்தண்ணீரை எல்லாக் குழாய்க்கும் விடாதீர்கள். ஹீட்டர், வாஷிங் மெஷின், குளியலறை போதும். சமையல், பாத்திரம், கழிவறை, மாட்டுத்தொட்டி, செடி எல்லாம் போர் தண்ணீரிலேயே இருக்கட்டும். 600 கடினத்தன்மை உள்ள தண்ணீரை மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். செடிக்கும் அது நல்லதல்ல. சப்பைத் தண்ணீரில் உள்ள கால்சியமாவது மண்ணுக்கு ஆதரவாக இருக்கும்.

இரண்டு, டைமரை உபயோகத்துக்குத் தக்கபடி வையுங்கள். மேலே சொன்ன மூன்று இடத்துக்கு மட்டும் நாள் ஒன்றுக்கு 300 லிட்டர் என்றால், 2,000 லிட்டர் ஆறு நாளைக்கு வரும். மாதம் 5 கழுவல், 19 கிலோ உப்பு. வருடத்துக்கு சுமார் 225 கிலோ. மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இன்னும் குறைக்க முடியும். ஒரு கழுவலுக்கான உப்பைப் பாதியாக்கினால் மென்தண்ணீர் பாதியாகாது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். தண்ணீரில் கடினம் லேசாக எட்டிப் பார்க்கும். குளிக்கத் துவைக்க அது போதும்.

மூன்று, உப்புக் கழிவைத் தனியாகப் பிரியுங்கள். ஒரு கழுவலில் போகும் தண்ணீர் முழுவதும் உப்பு அல்ல. முதலில் வரும் பேக்வாஷ் வெறும் போர் தண்ணீர், மரத்துக்கு விடலாம். நடுவில் கரைசலும் மெதுவான அலசலும் வரும் சுமார் 100 லிட்டர்தான் விஷயம். கழிவுக் குழாயில் ஒரு மூன்று வழி வால்வு போட்டால் அதை மட்டும் பிரித்துவிடலாம். மாதம் 5 கழுவலுக்கு 500 லிட்டர். 6 அடிக்கு 8 அடி, முக்கால் அடி ஆழத்தில் ஒழுகாத சிமெண்ட் தொட்டி கட்டி அதில் விடுங்கள். வெயில் நாளில் சதுர மீட்டருக்கு சுமார் 4 லிட்டர் ஆவியாகும் என்று கணக்கிட்டால் இந்த அளவு சரியாக வரும். மழைக்காலத்துக்கு மேலே கண்ணாடி ஷீட் சாய்வாகப் போடுங்கள். கிணற்றுக்கும் போருக்கும் தள்ளி இருக்கட்டும். ஆடு மாடு நக்காமல் வேலி வேண்டும்.

மிஞ்சுவது உப்பு போல வெள்ளையாகக் காயாது. கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் பிசுபிசுவென்றே இருக்கும். அதை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் சேர்த்து வையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், தீவனத்தில் கலக்காதீர்கள்.

நான்கு, குளியல், துவைத்த தண்ணீரிலும் சோடியம் இருக்கிறது. அதை வருடம் முழுக்க ஒரே வாழைக்குழிக்கு விட வேண்டாம். சமையலறைத் தண்ணீரோடு கலந்து, இடம் மாற்றி மாற்றி விடுங்கள். அந்த இடத்துக்கு மூடாக்கும் மக்கும் அதிகம் கொடுங்கள்.

சிலர் உப்புக்குப் பதில் பொட்டாஷ் போடலாமே என்று கேட்கிறார்கள். உரக்கடை சிவப்புப் பொட்டாஷின் நிறமே இரும்பு ஆக்ஸைடால் வருவது. அது ரெசினைக் கெடுக்கும். குளோரைடும் அப்படியே மண்ணுக்குப் போகும். நம் முறைக்கு அது ஒத்து வராது.

மழைத்தண்ணீர் இருக்க மெஷின் எதற்கு?

ரெசினும் உப்பும் இல்லாமல் கிடைக்கும் மென்தண்ணீர் மழைதான். 1,000 சதுர அடிக் கூரையில் வருடம் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 55,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 44,000 லிட்டர் பிடிக்கலாம். நாளுக்கு 300 லிட்டர் என்றால் 145 நாளைக்கு மேல் வரும். முழுவதையும் சேமிக்கப் பெரிய தொட்டி வேண்டும் என்பது உண்மைதான். 10,000 லிட்டர் தொட்டி இருந்தாலே ஐப்பசி, கார்த்திகையில் அது நிரம்பிக் காலியாகி மீண்டும் நிரம்பும். அந்த மாதங்களில் மெஷினுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஓய்வுக்குப் பின் மறுபடி ஓட்டும்போது ஒரு முழுக் கழுவல் கொடுத்துவிட்டு உபயோகியுங்கள். நின்ற தண்ணீரில் கிருமி வளரும்.

கேலண்டரில் குறித்துக்கொள்ள

மாதம் ஒரு தடவை: சோப்பு சோதனை, உப்பு இறுகியிருக்கிறதா என்று குச்சியால் பார்ப்பது, போட்ட உப்பின் எடையை எழுதி வைப்பது. எடை திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ மெஷினில் ஏதோ குறை என்று நோட்டே சொல்லிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை: முன் ஃபில்டர் கழுவுவது, டைமர் நேரம் சரிபார்ப்பது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை: உப்புத் தொட்டியைக் காலி செய்து மண் எடுப்பது, இன்ஜெக்டர் கழுவுவது.

வருடம் ஒரு தடவை, மழைக்குப் பின்: கழிவு போகும் இடத்து மண்ணில் டம்ளர் சோதனை. நல்ல வயல் மண்ணையும் பக்கத்தில் இன்னொரு டம்ளரில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உப்புக் கழிவுக்கு இதைவிட நல்ல வழி கண்டவர்கள் நம்மில் இருப்பார்கள். தொட்டியில் மிஞ்சும் பிசுபிசுப்பை என்ன செய்கிறீர்கள், மெஷினே இல்லாமல் மழைத்தண்ணீரை வைத்து வருடத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று இதழுக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை, மாதம் போடும் உப்பின் எடை, மண் வகை மூன்றையும் சேர்த்து எழுதினால் மற்றவர்கள் தங்கள் கணக்கோடு வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.